மேகம் நீராவி அல்ல

"மேகம் என்பது நீராவியின் தொகுப்பு." விடைத்தாள்களில் அடிக்கடி காணும் வாக்கியம் இது. நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. வகுப்பறைக் காற்றிலும் அது இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. வானில் நாம் பார்ப்பது ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். மிக உயரத்தில் பனிப்படிகங்கள். ஒரு துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. அதனால்தான் அவை சட்டென விழாமல் மிதக்கின்றன. 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உருவாக, இப்படி பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும்.

இதை மாணவர்களுக்குக் காட்டிவிடலாம். 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் சிறிது வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மூடுங்கள். நன்கு அழுத்திப் பிடித்துச் சட்டென விடுங்கள். உள்ளே வெண்மை படரும். மறுபடி அழுத்தினால் மறையும். அழுத்தம் குறையும்போது காற்று விரிந்து குளிர்கிறது. மேலெழும் காற்றுக்கும் இதுவே நேர்கிறது. புகையில்லாமலும் செய்து காட்டுங்கள்: மேகம் சரியாக வராது. ஆவி படிய ஒரு துகள் வேண்டும். தூசி, புகை, கடல் உப்பு எதுவானாலும் சரி.

மூடுபனியும் மேகம்தான், தரையைத் தொடுகிற மேகம். ஆனால் குளிரும் விதம் வேறாக இருக்கலாம். மார்கழியில் மேகமற்ற, காற்றடிக்காத இரவில் தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது. கொடைக்கானலிலோ சரிவில் ஏறும் காற்றே குளிர்ந்து மூடிக்கொள்கிறது. போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமாவதைச் செய்தியில் கேட்கிறோமே, அங்கே புகையும் பனியும் கூட்டுச் சேர்கின்றன. பார்வைத் தொலைவு 1 கி.மீ.க்குக் குறைந்தால் அடர்மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தால் மூடுபனி என்பது வானிலையாளர் கணக்கு.

இங்கே நம் மொழி ஒரு சிக்கல் தருகிறது. புல்நுனித் துளி, மூடுபனி, இமயத்துப் பனி எல்லாமே நமக்குப் 'பனி'தான். "பனி பெய்கிறது" என்கிறோம். புல்நுனித் துளியோ மேலிருந்து விழுவதில்லை, குளிர்ந்த இலைமேலேயே உண்டாகிறது. எந்தப் பனி என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது நல்லது.

பெயர்களுக்கு வருவோம். 1802இல் லண்டன் மருந்தாளர் லூக் ஹோவர்டு, மேகங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டினார். கீற்று, திரள், படை என்ற வடிவங்களும் மழை தரும் 'கார்' என்பதும் அவர் வகுத்தவை. அவற்றைச் சேர்த்தும் உயரம் பார்த்தும் இன்று 10 வகைகள். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். நான்கு சொற்கள் போதும். கார்திரள் என்றால் என்ன என்று மாணவரே பிரித்துச் சொல்வார். தரைக்கருகே தொடங்கி 15 கி.மீ.க்கும் மேல் வளரக்கூடியது அது. இடி மின்னல் அதிலிருந்துதான். உச்சி பட்டறைக்கல் போல விரிந்திருந்தால் விளையாட்டு வகுப்பை நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே அழைத்துவிடுங்கள்.