கடைசி வருஷ மாணவியும் உளவுக் கதையும்

அக்கா மகள் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு நெய்வேலி வீட்டில் இருக்கிறாள். ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனபோது ஒரு ஆங்கில நாவல் வாங்கினாள். பட்டம் வாங்கப் போகும் மாணவி, அவளுக்கு ஒரு காதலன், அவன் உளவாளி, கடைசியில் அவளும் உள்ளே இழுக்கப்படுகிறாள். 'நியூ அடல்ட்' என்று இதற்கு ஒரு வகைப் பெயரே இருக்கிறது. பதினெட்டுக்கு மேல், இருபத்தைந்துக்குள் உள்ளவர்களின் காதலும் வாழ்க்கைக் குழப்பமும்தான் சரக்கு. இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, நெஜமாவே இப்படி நடக்குமா, இல்ல சும்மா கதையா?"

"சும்மா கதைதான்மா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வழக்கம்போல அரிப்பு விடவில்லை, தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னது தப்பு. இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான்.

ஏன் கடைசி வருஷம்?

கதாசிரியர்கள் சும்மா அந்த வயதைத் தேர்ந்தெடுக்கவில்லை. உளவு அமைப்புகளே அதைத்தான் தேர்ந்தெடுத்தன. 1930களில் லண்டனில் சோவியத் உளவுக்கு ஆள் சேர்த்தவர் ஆர்னால்ட் டாய்ச். வியன்னாவில் வேதியியல் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய கணக்கு எளிமையானது. பெரிய அதிகாரியாக இருப்பவரை வளைப்பது கஷ்டம், கண்காணிப்பும் அதிகம். அதே ஆளை, வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டால்? நல்ல கல்லூரியில் படித்தவன் எப்படியும் பத்து வருஷத்தில் உள்ளே உயர்ந்துவிடுவான். காத்திருந்தால் போதும். நம்ம பாஷையில் சொன்னால் கேம்பஸ் இன்டர்வியூதான் இது.

அப்படிச் சிக்கியவர் கிம் ஃபில்பி. பிறந்தது 1912இல் நம் நாட்டு அம்பாலாவில். கிப்ளிங் நாவலில் வரும் சிறுவன் உளவாளியின் பெயர்தான் அவருக்குச் செல்லப் பெயரானது. 1933இல் கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்த கையோடு வியன்னாவுக்குப் போனார். அங்கே லிட்ஸி ஃப்ரீட்மன் என்ற கம்யூனிஸ்ட் பெண்ணோடு காதல். 1934 பிப்ரவரியில் வியன்னாவில் சண்டை மூண்டு, ஆட்சி அவர்களை வேட்டையாடிய நேரத்தில், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அவளைக் காப்பாற்றும் என்று கல்யாணம் செய்துகொண்டு லண்டனுக்கு அழைத்து வந்தார். அவளுடைய தோழி ஒருவர் மூலமாகத்தான் டாய்ச்சின் சந்திப்பு கிடைத்தது. ஜூன் மாதம், ரீஜண்ட்ஸ் பூங்காவில். பிறகு பிரிட்டிஷ் உளவுத் துறையிலேயே சேர்ந்து உயர்ந்து, 1963இல் மாஸ்கோவுக்குத் தப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காதல் கதவைத் திறந்தது, அவ்வளவுதான். உள்ளே போனது அவருடைய சொந்தக் கொள்கை. நாவலில் காதல் கடைசி வரைக்கும் வரும். இங்கே அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது கொஞ்ச வருஷம்தான்.

காதலே கருவியானபோது

நாவலுக்கு இன்னும் நெருக்கமான ஆள் கேப்ரியலே காஸ்ட். மேற்கு ஜெர்மனி ஆஹன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. ஆய்வுத் தலைப்பு, கிழக்கு ஜெர்மனிப் பெண்களின் அரசியல் பங்கு. அதற்குத் தகவல் சேகரிக்க 1968இல் கிழக்கு ஜெர்மனிக்குப் போனார். அங்கே கார்ல்-ஹைன்ஸ் என்ற ஒருவரோடு பழக்கம், பிறகு காதல். அவர் ஸ்டாசியின் ஆள்.

மிரட்டல், துப்பாக்கி எல்லாம் கிடையாது. நீ எங்களுக்கு உதவாவிட்டால் நாம் சந்திக்க முடியாது, எல்லை தாண்டி வர அனுமதி கிடைக்காது என்ற நிலைமைதான் கயிறு. படிப்பு முடிந்து 1973இல் மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத் துறையான பி.என்.டி.யில் சேர்ந்தார். சோவியத் பற்றிய அரசியல் ஆய்வுப் பிரிவில் மேல்நிலைக்கு வந்தார். 1990இல், இரண்டு ஜெர்மனியும் இணைந்த நேரத்தில், ஸ்டாசிக்காரர் ஒருவரே காட்டிக்கொடுக்க, கைதானார். தண்டனை 6 ஆண்டு 9 மாதம்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு காதல். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு டியூட்டி என்று யார் பிரித்துச் சொல்வது?

நம்ம பக்கத்துக் கதை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை மாமா, நம்ம ஊர்ல?" என்றாள். நம்ம ஊரிலும் உண்டு. முடிவு மட்டும் ரொம்பக் கொடுமை.

1942இல் ஜப்பானியர் பிடியில் இருந்த பினாங்கில் 'சுவராஜ் இன்ஸ்டிடியூட்' என்று ஒரு பயிற்சிப் பள்ளி. மலேயாவில் இருந்த இந்திய இளைஞர்களைச் சேர்த்து, இந்தியாவுக்குள் அனுப்பிச் செய்தி சேகரிக்க வைப்பதுதான் நோக்கம். பொறுப்பில் இருந்தவர் வழக்கறிஞர் என். ராகவன். பின்னாளில் சீனாவுக்கு இந்தியத் தூதராகப் போனவர்.

அந்த மாணவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். 1917இல் திருவிதாங்கூரில் வக்கம் என்ற ஊரில் பிறந்து, பிழைப்புக்காக மலேயா போனவர். 1942 செப்டம்பரில் ஐந்து பேரை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி, மலபார் கரையில் தானூர் பக்கம் ரப்பர் படகில் இறக்கிவிட்டார்கள். கரை ஏறிய உடனேயே பிடிபட்டார்கள். வேறு இடங்களில் இறங்கியவர்களும் தப்பவில்லை. எல்லோரையும் சென்னைக்குக் கொண்டுவந்து, எதிரியின் ஏஜென்டுகளுக்கான அவசரச் சட்டத்தின் கீழ் விசாரித்தார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் என்ற நால்வருக்குத் தூக்கு. காதருக்கு வயது 26. தூக்குக்கு முன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் கேரளத்தில் பேசப்படுகிறது. 1998இல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். அந்தச் சிறையை 2009இல் இடித்துவிட்டார்கள். பார்க் ஸ்டேஷன் பக்கம் போகிற யாருக்கும் இப்போது அங்கே ஒரு அடையாளமும் தெரியாது.

இவர்களை இழுத்தது ஆளின் மேல் வந்த காதல் இல்லை, நாட்டின் மேல் வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் அவர்களை அனுப்பிய ஜப்பானியருக்கு அவர்கள் செலவுக் கணக்கில் ஒரு வரி. ராகவனின் சம்மதம் இல்லாமலே மாணவர்களை ஏற்றி அனுப்பினார்கள். அதை எதிர்த்துத்தான் அவர் பள்ளியையே மூடினார். மாணவர்கள் மேல் அக்கறை உள்ளவர் யார், மாணவர்கள் தேவைப்பட்டவர் யார் என்பது அந்த இடத்தில்தான் பிரிகிறது.

மூன்றிலும் பொதுவானது

கோட் எழுதுகிறவன் பழக்கம், மூன்று கேஸ் கிடைத்தால் பேட்டர்ன் தேடுவேன். எனக்குத் தெரிந்தது இதுதான். முதலில், அந்த ஆளுக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு நல்ல உணர்ச்சியைப் பிடிக்கிறார்கள்: காதல், கொள்கை, தேசப்பற்று. கெட்ட குணத்தை அல்ல, நல்ல குணத்தை. இரண்டாவது, படிப்பு முடிந்து அடுத்து என்ன என்று தெரியாத இடைவெளியைப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது, முதலில் கேட்பது ரொம்பச் சின்னதாக இருக்கும். நான்காவது, மாட்டினால் விலை கொடுப்பது இளையவர்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்துக் காட்டினாள். வேலை தேடும் தளம் ஒன்றில் இரண்டு மாதமாக ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டு ஆலோசனை நிறுவனமாம். "தென்னிந்திய மின் துறையின் எதிர்காலம்" என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தாள், 4,000 ரூபாய் ஒழுங்காக வந்தது. ஆங்கிலம் அருமை என்று பாராட்டு வேறு. அடுத்து வந்த மெசேஜ்: அப்பா அனல்மின் நிலையத்தில்தானே வேலை, எந்த யூனிட் எப்போது பராமரிப்புக்கு நிற்கும் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

அவர் வெறும் சந்தைத் தகவல் திரட்டுகிறவராகவும் இருக்கலாம். ஆனால் முறை ஒன்றுதான். "எழுதினதுக்குக் காசு வாங்குன, சரி. இப்ப கேக்கறது நீ எழுதறதை இல்ல, உங்க அப்பா வேலையை" என்றேன்.

ஒரு காலத்தில் இதே டவுன்ஷிப்பில் அனல்மின் நிலையம் கட்ட ரஷ்யர்களும், சுரங்க எந்திரங்களுக்கு மேற்கு ஜெர்மானியர்களும் வந்து போனார்கள். இந்த ஊர் விவரம் யாருக்கும் வேண்டாத விவரம் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அக்கா வீட்டுக்காரரிடம் அவளே போனைக் காட்டினாள். அவர் திட்டவில்லை, மறுநாள் ஆபீசில் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டு வந்தார். உங்கள் வீட்டிலும் படிப்பு முடித்துக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால், போனைப் பிடுங்காதீர்கள். தப்பா நினைக்க மாட்டார்கள் என்று நம்பிக் காட்டுகிற மாதிரி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் போதும். காஸ்டுக்கும் காதருக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்ததாக நான் படித்ததில் எங்கும் இல்லை.