‘கடைசி நேரம்’ எந்த ஊர் நேரம்? ஒரே வரியில் சொல்லும் ‘டேட்’ கட்டளை!

‘கடைசி நேரம்: இரவு 11.59, அமெரிக்கக் கிழக்கு நேரம்.’ வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த ஒரு வரி கிளப்பும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜனவரி மாதம் என்றால் அது நம்மூரில் மறுநாள் காலை 10.29. ஜூலை மாதம் என்றால் 9.29. கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். போன தடவை பத்தரை மணி வரை நேரம் இருந்ததே என்று சும்மா இருந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு வருடமே கைவிட்டுப் போகலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுத் தருவதுதான் ‘டேட்’ கட்டளை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ‘டெர்மினல்’ திரையைத் திறந்தாலே போதும். ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்’ என்ற இலவச ஆப் வேண்டும்.

தொடங்குவது எப்படி?

‘டேட்’ என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டினால், இப்போதைய தேதியும் நேரமும் வரும்.

அடுத்து, அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைபனும் அதை ஒட்டி ‘டி’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்க்க வேண்டும். மீண்டும் ஓர் இடைவெளி விட்டு 1947-08-15 என்று தட்டினால், சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை என்று பதில் வரும். பாட்டி பிறந்த கிழமையையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். வருடம், மாதம், நாள் என்ற வரிசை மாறக் கூடாது.

வெளியூர் நேரத்துக்கு...

தேதி, நேரம், அந்த ஊர் நேரத்தின் ஆங்கிலச் சுருக்கம் மூன்றையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் தர வேண்டும். இரவு 11.59 என்பதை 23:59 என்று எழுத வேண்டும். நியூயார்க் நேரத்துக்குக் குளிர்காலத்தில் இ.எஸ்.டி., கோடையில் இ.டி.டி.; உலகப் பொது நேரத்துக்கு யூ.டி.சி. சுருக்கங்களில் புள்ளி வேண்டாம். கருவியில் இந்திய நேரம் செட் ஆகியிருந்தால், பதிலும் இந்திய நேரத்திலேயே வரும்.

பத்து இலக்க மர்மம்

சில கோப்புகளின் பெயரில் 1700000000 போன்ற நீண்ட எண் இருக்கும். அது 1970 ஜனவரி 1 நள்ளிரவு, பொது நேரப்படி தொடங்கிய நொடிக் கணக்கு. எண்ணுக்கு முன்னால் @ குறி சேர்த்து அதே கட்டளையில் தந்தால், ‘2023 நவம்பர் 15, அதிகாலை 3.43’ என்று தெரிந்துவிடும். 13 இலக்கம் இருந்தால் கடைசி மூன்றை நீக்கிவிட வேண்டும்.

சில போன்கள் திடீரென ‘1970 ஜனவரி 1, காலை 5.30’ என்று காட்டுவதன் ரகசியமும் இதுதான். கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. இந்தியா பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது.

கவனம்!

விண்டோஸில் இதே பெயரில் உள்ள கட்டளை தேதியை மாற்றவும் கேட்கும். அங்கே இந்த முறை உதவாது. மேக் கம்ப்யூட்டரில் பத்து இலக்க எண்ணுக்கு ‘டி’க்குப் பதில் ‘ஆர்’ போட்டு, @ குறியை விட்டுவிட வேண்டும். யாரோ ஃபார்வர்டு செய்த புரியாத கட்டளைகளை டெர்மினலில் ஒட்டவே கூடாது.

விண்ணப்பம் கையில் வந்ததும் முதல் வேலை, நம்மூர் நேரத்தைக் கண்டுபிடித்து காலண்டரில் குறிப்பது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இருப்பது அதைவிட நல்லது!