நர்சம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் ஒன்பதாம் மாதத்தில் ஒரு நடுச்சாமம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். வத்தலக்குண்டுப் பக்கத்து வீடுகளில் அப்போது ஆட்டோவுக்கு முன்னால் அடுப்பைத்தான் கிளப்புவார்கள். சீரகத்தை வறுத்து, தண்ணீர் ஊற்றிச் சுண்டவிட்டு, துளி கருப்பட்டி சேர்த்துப் பாட்டி நீட்டுவாள். "குடிச்சுட்டு ஒருச்சாச்சுப் படு தாயி. சூட்டு வலின்னா அடங்கும். பிள்ளை வலின்னா ஏறும்."

இது வைத்தியம் இல்லை, சோதனை. விடை இரண்டில் ஒன்றாகத்தான் வரும், அதுவும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கருப்பை என்பது தசை. எந்தத் தசையும் மாதக்கணக்கில் சும்மா கிடக்காது. கர்ப்ப காலம் நெடுக அது அவ்வப்போது இறுகித் தளர்கிறது என்பதை லண்டன் மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் எழுதினார். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் வத்தலக்குண்டில் பிறந்த வருஷமும் அதுதான். அவரைச் சுமந்த தாய்க்கும் யாராவது கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்த ஒத்திகை வலிக்கு மருத்துவப் புத்தகத்தில் ஹிக்ஸின் பெயர், நம் ஊரில் சூட்டு வலி. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், நாளெல்லாம் நின்று அலுத்தாலும் இது வரும். தண்ணீர் குடித்து, பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் பெரும்பாலும் போய்விடும். பாட்டியின் கஷாயத்தில் வேலை செய்வது சீரகத்தைவிட அதிலுள்ள தண்ணீரும், கூடவே வரும் 'ஒருச்சாச்சுப் படு'வும்தான்.

நிஜ வலி ஏன் அடங்குவதில்லை? கர்ப்பம் நெடுகிலும் கருப்பையின் தசைச் செல்கள் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் அவற்றை அமைதியாக வைத்திருக்கிறது. பேறுகாலம் நெருங்கும்போது செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நுண்ணிய வாசல்கள் ஏராளமாகத் திறக்கின்றன. ஒரு செல்லில் எழும் மின் அலை அடுத்ததற்குத் தாவுகிறது. ஆளாளுக்குத் தனித்தனியாக வடத்தை இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு எல்லாரும் மூச்சுப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த, அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போக, அங்கிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து வந்து கருப்பையை இன்னும் இறுக்க, தலை இன்னும் அழுத்துகிறது. உடம்பின் பெரும்பாலான ஏற்பாடுகள் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். இதுவோ ஏற ஏற ஏற்றிக்கொண்டே போகும், பிள்ளை வெளியே வரும்வரை. இதன் முதல் பொறியைக் கொளுத்துவது தாயா, பிள்ளையா, நஞ்சுக்கொடியா என்பதை அறிவியல் இன்னும் முழுசாக அவிழ்க்கவில்லை.

ஆக்ஸிடோசினின் கதையும் சுவையானது. மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு கருப்பையை இறுக்குகிறது என்று 1906-இல் ஹென்றி டேல் கண்டார். ஒன்பதே அமினோ அமிலங்களாலான அந்தச் சிறு மூலக்கூறை வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் செய்துகாட்டி, 1955-இல் வேதியியல் நோபல் வாங்கினார். இன்று பிரசவ வார்டில் 'வலி வர ஊசி' என்பதும், பிள்ளை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடுவதும் இதே மருந்துதான்.

நடுச்சாமத்துப் பெண்ணிடம் திரும்புவோம். வலி ஏறிவிட்டது, வண்டி வந்துவிட்டது. இங்கேதான் என் கேள்வி. அந்த வண்டி போய் நிற்கும் இடத்தில் அவளை யாருக்குத் தெரியும்?

முன்பு கிராமத்தில் மருத்துவச்சி இருந்தாள். பல ஊர்களில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாக இந்தத் தொழிலைச் செய்தார்கள். எந்த வீட்டுப் பெண் பயந்தவள், யாருடைய அம்மாவுக்கு ரத்தம் அதிகம் போயிற்று, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெரியாதது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத கிருமி. தொப்புள்கொடியை அறுத்த கத்தி வழியாகப் பிள்ளைக்குப் போன ரணஜன்னி எத்தனையோ தொட்டில்களைக் காலியாக்கியது. அதற்காக மருத்துவச்சியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. 1847-இல் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்த வார்டில் தாய்மார் சாவு, மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிடப் பல மடங்கு. பிண அறையிலிருந்து கை கழுவாமல் வந்த மருத்துவர்களே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடிக்கும் முன்பே, 'மருத்துவச்சி வார்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம்.

நம் பக்கத்தில் இந்த இரண்டு உலகத்தையும் இணைக்கப் பார்த்தவர் டாக்டர் சௌந்திரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். 1947-இல் சின்னாளபட்டியில் இரண்டு படுக்கையோடு அவர் தொடங்கிய மருத்துவ நிலையம்தான் காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்துக் கிராமத்துக்கு அனுப்புவது அங்கே நடந்த பெரிய வேலை.

இப்போது நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கும் மேல் மருத்துவமனையில்தான். 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் பிள்ளைகளுக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து, 12 இலக்க எண் ஒன்றும் தாய் சேய் நல அட்டையும் தருகிறார். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்தி வந்த எளிய முறை அது. 'நர்சம்மா' என்று தெருவே கூப்பிடும் அந்தச் செவிலியருக்கு இந்தப் பெண்ணின் ரத்த அளவிலிருந்து மாமியார் குணம்வரை தெரியும்.

ஆனால் பிரசவ அறையில் அவர் இருக்க மாட்டார். அங்கே அந்த ஷிப்டில் எந்த ஸ்டாஃப் நர்ஸோ, அவர்தான். அவருக்குப் பிரசவம் தெரியும், இந்தப் பெண்ணைத் தெரியாது. மருத்துவச்சி காலத்தில் பெண்ணைத் தெரிந்திருந்தது, கிருமியைத் தெரியவில்லை. இன்றைக்குக் கிருமியைத் தெரியும், பெண்ணைத் தெரியவில்லை. நடுவிலிருக்கும் இந்த இடைவெளியை அடைக்க, மேல்நாடுகளில் கர்ப்பிணியும் மருத்துவச்சியும் உட்கார்ந்து பேசி ஒரு காகிதம் எழுதுகிறார்கள். பிரசவத் திட்டம் என்று பெயர். அறிமுகமில்லாத கைகளுக்கு எழுதும் கடிதம் என்பேன் நான்.

நம் வீடுகளில் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. வளைகாப்பு எந்த மாதம், ஐந்து சோறா ஏழு சோறா, சீர் என்ன, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் முடிவாகிவிடும். பெற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு என்ன வேண்டும் என்பதுதான் அதில் இருக்காது. கேட்டால் செல்லம் கொடுப்பது மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பு. இதில் பாதி செல்லமே இல்லை, உடலியல்.

கூட யார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பயந்தால் அட்ரினலின் ஊறும். அது கருப்பைத் தசையைத் தளர்த்திவிடும். குட்டி போடும் பூனையை யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பாதியில் எழுந்து வேறு மூலை தேடிப் போகும். இடம் சரியில்லை என்றால் பிரசவத்தை நிறுத்திவைப்பது இயற்கையின் பழைய தற்காப்பு. மனுஷிக்கும் அதே ஏற்பாடுதான். குவாத்தமாலாவில் நடந்து 1980-இல் வெளியான சிறு ஆய்வொன்றில், முன்பின் தெரியாத ஒரு பெண் விடாமல் கூட இருந்து கையைப் பிடித்து, முதுகைத் தடவி, பேச்சுக் கொடுத்ததற்கே பிரசவ நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. அத்தனை பெரிய வித்தியாசம் பிறகு எல்லா இடத்திலும் தெரியவில்லை. ஆனாலும் 15,000-க்கு மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்த 26 ஆய்வுகளை 2017-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, நேரமும் குறைவு. அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையைத் தமிழ்நாடு 2004-லேயே அனுமதித்துவிட்டது. ஒன்றிய அரசு 2016-இல் சொன்னது. பெண் உறவினராக இருக்க வேண்டும், தானே பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது என்பது விதி. அம்மாவா, சித்தியா, நாத்தனாரா? தலைப்பிரசவத்தில் மகளைவிட அதிகம் அழும் அம்மாக்கள் உண்டு. அந்த வேளைக்குச் சித்தியே மேல் என்றால், அதை எட்டாம் மாதமே சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அடுத்தது நேரம். 'ரெண்டு விரல்தான் திறந்திருக்கு' என்று கேட்டதுமே வெளியே நிற்கும் உறவுகள் இடிந்துபோகும். 1950-களில் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் கருப்பை வாய் திறப்பதை வரைபடமாக்கினார். அதிலிருந்து 'மணிக்கு ஒரு சென்டிமீட்டர்' என்பது உலகமெங்கும் விதிபோல ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அதைத் தளர்த்தியது. சூடு பிடிக்கும் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, தலைப்பிரசவத்தில் அங்கிருந்து முழுசாகத் திறக்கப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் மெதுவாகப் போவதை மட்டும் வைத்து அவசரப்பட வேண்டாம் என்றது. 2019-21 குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 45 சிசேரியன், தனியாரில் 64 என்று படிக்கும்போது இந்தப் பொறுமையின் அருமை புரிகிறது. எல்லாச் சிசேரியனும் வீண் என்று அர்த்தமில்லை. தேவையான இடத்தில் அது உயிர். 'எந்த நிலைமை வந்தால் சிசேரியன் பண்ணுவீங்க?' என்று முன்பே கேட்டு வைத்தவளுக்கு, அந்த நிலைமை வரும்போது கையெழுத்துப் போடக் கை நடுங்காது.

படுத்தே கிடக்க வேண்டுமா என்பதும் கேட்க வேண்டியதுதான். கட்டிலை நிலைவாசலில் நுழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரே தள்ளினால் முட்டும். சாய்த்து, திருப்பி, மறுபடி நிமிர்த்தித்தான் உள்ளே கொண்டுபோவார்கள். இடுப்பெலும்பின் மேல்வாசல் பக்கவாட்டில் அகலம், கீழ்வாசல் முன்பின்னாக அகலம். அதனால் குழந்தை பக்கம் பார்த்தபடி இறங்கி, தாடையை நெஞ்சில் புதைத்து, வழியில் கால் சுற்றுத் திரும்பி, முகத்தைத் தாயின் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடம் கொடுக்கின்றன. பாட்டிகள் பிறகு எண்ணெய் தடவி உருட்டிவிடும் நீண்ட தலை இப்படி வந்ததுதான், தானாகவும் சரியாகிவிடும். இத்தனை திருப்பம் இருக்கும்போது தாய் மட்டும் அசையாமல் கிடப்பானேன்? எழுந்து நடமாடினால் முதல் கட்டம் சராசரி ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்கலில்லாத பிரசவத்தில் தண்ணீரோ கஞ்சியோ குடிக்கலாம் என்பதும், எல்லாருக்கும் வழக்கமாகக் கீறித் தையல் போட வேண்டியதில்லை என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள்.

பிள்ளை விழுந்ததும் எல்லாரும் பிள்ளையையே பார்ப்பார்கள். நல்ல நர்ஸின் ஒரு கண் தாய்மேல் இருக்கும். கர்ப்பத்துக்கு முன் ஒரு கோழிமுட்டை எடைக்குச் சற்றே கூடுதலாக இருந்த கருப்பை, இப்போது ஏறக்குறைய ஒரு கிலோ. நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் அதற்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் அந்தக் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. யார் கட்டுவது? நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை கட்டுபவர் நாரை ஒரு சுற்றுச் சுற்றிச் சுண்டினால் காம்பு இறுகும், இல்லையா? கருப்பைத் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. தசை சுருங்கியதும் நடுவில் போகும் ஒவ்வொரு ரத்தக்குழாயும் அப்படியே நெரிந்து அடைபடுகிறது. சுருங்கத் தவறினால் நிமிஷங்களில் ஆபத்து. 2018-இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். மருத்துவமனையின் ஊசியும் ரத்தமும் இந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான். இதில் திட்டத்துக்கு வேலை இல்லை, விட்டுவிட வேண்டும். ஒன்று மட்டும் கேட்கலாம்: பிள்ளை அழுது நன்றாக இருந்தால், கொடியை அறுக்க ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் பொறுப்பீர்களா? மூன்று கிலோப் பிள்ளையின் உடம்பில் ஓடுவதே கால் லிட்டர் ரத்தம். அந்தச் சில நிமிஷத்தில் கொடி வழியாக வந்துசேரும் ரத்தத்தின் இரும்புச்சத்து மாதக்கணக்கில் நிற்கும்.

பேறு பார்ப்பதையே தனித் தொழிலாகச் செய்யும் செவிலியர்களை உருவாக்க ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி பதினெட்டு மாதம். ஒரே மருத்துவச்சி கூடவே வந்தால் சிசேரியன் குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அவர்கள் வத்தலக்குண்டுக்கும் வந்து சேரும்வரை நம் பிரசவத் திட்டம் ஒரு துண்டுச் சீட்டுதான். கொடைக்கானல் கீழ்மலைப் பெண் என்றால், வலி வந்தபின் மலைப்பாதை இறங்குவது நடக்காத காரியம். முன்கூட்டியே கீழே வந்து தங்குவதுதான் அவள் சீட்டின் முதல் வரி. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் கஷாயம் வைக்காமல் வண்டி ஏறுவது எல்லாருக்கும் பொது வரி.

மீதியை நர்சம்மாவோடு உட்கார்ந்து தமிழில் எழுதி, அட்டைக்குள் செருகி வைக்கலாம். எந்த ஸ்டாஃப் நர்ஸும் அரை நிமிஷத்தில் படித்துவிடுகிற மாதிரி. சித்தி கூட இருப்பார். சத்தம் போட்டால் எனக்குப் பயம் வரும், மெதுவாகச் சொன்னால் கேட்பேன். முடிந்தவரை நடக்கவிடுங்கள். கொடியைக் கொஞ்சம் பொறுத்து அறுங்கள். பிள்ளையை முதலில் என் நெஞ்சில் போடுங்கள். எத்தனை தையல் என்று வெளியே நிற்பவர்களிடம் சொல்ல வேண்டாம்.