கோலாலம்பூரின் வரலாற்று நாயகர்கள் எங்கே உறங்குகிறார்கள்? நம்மவர்களின் கல்லறை ஏன் கண்ணில் படுவதில்லை?

கேஎல்சிசி பக்கம் போனால் சலோமா பாலத்தில் ஒரு படமாவது எடுத்திருப்பீங்க. வெற்றிலை அடுக்கு வடிவத்தில் இரவில் வண்ண விளக்குகளோடு மின்னும் அந்தப் பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. பாலத்துக்குப் பக்கத்திலேயே ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாடு இருப்பதைக் கவனிச்சிருக்கீங்களா? பாடகி சலோமா 1983-இல் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். அவருடைய கணவர், மலாய் சினிமாவின் மாபெரும் கலைஞர் பி. ரம்லியும் 1973 முதல் அங்கேதான் உறங்குகிறார். ரம்லிக்கு முதல் கதாநாயகன் வேடம் கொடுத்த 'பக்தி' படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்பது கூடுதல் தகவல்.

ஒரு நகரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள அதன் கல்லறைகளும் ஒரு வழி. யார் எங்கே, எப்படி அடக்கம் செய்யப்பட்டார் என்பதை வைத்தே அந்த ஊர் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கை அப்படிச் சுற்றிப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். இங்கே தண்டவாளம் போட்டவர்கள், பால் மரம் வெட்டியவர்கள், சங்கம் அமைத்தவர்கள், அமைச்சர் ஆனவர்கள் என எத்தனையோ தமிழர்கள் வாழ்ந்தார்கள். அவர்களெல்லாம் எங்கே?

பிரதமர்கள் எங்கே?

கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசல் 1965-இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்துக்குள்தான் மக்காம் பஹ்லாவான், அதாவது வீரர்கள் சமாதி இருக்கிறது. அங்கே முதலில் அடக்கம் செய்யப்பட்டவர், 1973-இல் காலமான துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில். அவருக்குப் பின் 2-வது பிரதமர் துன் அப்துல் ரசாக் (1976), 3-வது பிரதமர் துன் ஹுசேன் ஓன் (1990), 5-வது பிரதமர் துன் அப்துல்லா அகமது படாவி (2025) ஆகியோரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர்.

அப்போ முதல் பிரதமர்? துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூரில் இல்லை. கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர், அலோர் ஸ்டார் அருகே லங்காரில் உள்ள அரச சமாதியில் உறங்குகிறார்.

கிள்ளானில் இரண்டு மாமன்னர்கள்

கிள்ளான் என்றதும் பாக் குத் தே, லிட்டில் இந்தியா, துறைமுகம் என்று சொல்வீங்க. அங்கே 1930-களில் கட்டிய சுல்தான் சுலைமான் அரசப் பள்ளிவாசலும், அதையொட்டிச் சிலாங்கூர் அரச சமாதியும் இருக்கின்றன.

மலேசிய வரலாற்றில் பதவியில் இருக்கும்போதே காலமான மாமன்னர்கள் 3 பேர். ரிங்கிட் நோட்டில் நீங்கள் தினமும் பார்க்கும் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நெகிரி செம்பிலானின் ஸ்ரீ மெனாந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். மற்ற இருவரும் சிலாங்கூர் சுல்தான்கள். 2-வது மாமன்னர் சுல்தான் ஹிசாமுடின் ஆலாம் ஷா 1960 செப்டம்பர் 1-ஆம் தேதி காலமானார். 11-வது மாமன்னர் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா 2001 நவம்பரில் காலமானார். இருவருமே கிள்ளானில்தான் உறங்குகிறார்கள்.

யாப் ஆ லோயும் புக்கிட் சீனாவும்

சிலாங்கூர் உள்நாட்டுப் போரிலும் 1881-இன் தீயிலும் வெள்ளத்திலும் சிதைந்த கோலாலம்பூரை மறுபடி கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் காப்பித்தான் யாப் ஆ லோய். 1885-இல் இறந்த அவருடைய கல்லறை, நகரின் தென்பகுதியில் உள்ள குவோங் தோங் இடுகாட்டில் இருக்கிறது.

சீனக் கல்லறைகளில் பெரும்பாலும் இறந்தவரின் பெயரோடு அவருடைய பூர்வீக ஊரும் பிள்ளைகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு கல்லே குடும்ப ஆவணம் மாதிரி. ஏப்ரல் வாக்கில் வரும் சிங் மிங் நாளில் குடும்பமே இடுகாட்டுக்குப் போய்ச் சுத்தம் செய்து கும்பிடும். அதனால் அடுத்த தலைமுறைக்கும் இடம் தெரிந்திருக்கும்.

இதன் பலத்தை 1984-இல் மலாக்காவில் பார்த்தோம். 12,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள புக்கிட் சீனா குன்றை மேம்பாட்டுக்கு எடுக்க மாநில அரசு விரும்பியது. அந்த நிலம் செங் ஹூன் தெங் கோயில் அறங்காவலர்களின் பொறுப்பில் இருந்தது. கல்லறைகளும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. குன்று இன்றும் அப்படியே இருக்கிறது.

சரி, நம்ம தலைவர்கள் எங்கே?

இங்கேதான் விஷயம் மாறுகிறது. இந்துக்களில் பலர் தகனம் செய்கிறார்கள். காலையில் நல்லுடலை மின்சுடலைக்குக் கொண்டுபோனால், அடுத்த ஓரிரு நாளில் அஸ்தி கடலிலோ ஆற்றிலோ கரைந்துவிடும். பிறகு போய் நின்று பார்க்க ஓர் இடம் இருக்காது.

அதற்காக நாம் மறந்துவிடுகிறோம் என்று அர்த்தமில்லை. திதி கொடுக்கிறோம், ஆடி அமாவாசைக்குப் படைக்கிறோம். நம் வழக்கத்தில் நினைவு என்பது ஒரு நாளோடு கட்டப்பட்டது, இடத்தோடு அல்ல. ஆனால் அந்த நாள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு நடக்கும். தாத்தாவின் திதி உங்களுக்குத் தெரியுமா? கொள்ளுத்தாத்தாவுடையது?

பொது வாழ்க்கையில் இருந்தவர்களுக்கு அந்த இடத்தைச் சாலைப் பலகைகள் ஓரளவு நிரப்புகின்றன. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு நீங்கள் நடந்துபோகும் ஜாலான் துன் சம்பந்தன் அப்படிப்பட்டதுதான். பக்கத்தில் மோனோரயில் நிலையத்துக்கும் அதே பெயர். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து 1979-இல் மறைந்த துன் வீ.தி. சம்பந்தன், 1955 முதல் 1973 வரை மஇகா தலைவராக இருந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வாங்கிச் சேர்த்து, தோட்டங்களை அவர்களே வாங்க வழி செய்தார். அப்படி 1960-இல் உருவானதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

ஜாலான் புத்ரா பக்கம் ஜாலான் தம்புசாமி இருக்கிறது. 1873-இல் உருவான ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் நிறுவனர் கே. தம்புசாமி பிள்ளையின் பெயர் அது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ஜாலான் ஆதி நாகப்பன், உள்ளாட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய டான் ஸ்ரீ ஆதி நாகப்பனின் பெயரில் அமைந்தது. வேஸ் செயலியில் இந்தப் பெயர்களைத் தட்டும்போது நாமும் அறியாமல் அவர்களை நினைவுகூர்கிறோம்.

ஒரே அவசரகாலம், இரண்டு மரணங்கள்

சாலைப் பலகை எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. செராஸ் சாலையில் உள்ள கிறிஸ்துவ இடுகாட்டில் சர் ஹென்றி கர்னியின் கல்லறை இருக்கிறது. மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக இருந்த அவர், 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். பினாங்கில் கடலோரமாக நீங்கள் நடந்த கர்னி டிரைவ் அவர் பெயர்தான்.

அவர் பதவியில் இருந்த காலத்தில், 1949 மே 4-ஆம் தேதி, புடு சிறையில் ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதிதான் அவர். சம்மேளனம் 1948-இல் தடைசெய்யப்பட்டிருந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. இந்திய அரசாங்கம் கருணை கேட்டும் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

புடு சிறை 1996-இல் மூடப்பட்டது. 2010-இல் மதிலை இடிக்கத் தொடங்கி, 2012-க்குள் முழுவதும் இடித்துவிட்டார்கள். பழைய நுழைவாயில் மட்டும் மிஞ்சியது. அதே இடத்தில் 2022-இல் திறக்கப்பட்டதுதான் லாலாபோர்ட் பேரங்காடி. அந்த வாயிலைக் கடந்து சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கணபதியின் பெயர் தெரியும்? அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அவர் யார் என்று தெரிந்தால்தான் அந்த வாதத்தையே தொடங்க முடியும்.

பெயரே இல்லாதவர்கள்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுவது போன்றவை கோரிக்கைகள். தொரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அதில் ஒன்று. தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் படைகள் சுட்டதில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் பெயராவது நூல்களில் இருக்கிறது. இறந்த ஐவரின் பெயர்கள் நம்மில் யாருக்குத் தெரியும்?

தமிழர்கள் எல்லாரும் தகனம் செய்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கிறிஸ்துவர்களும் முஸ்லிம்களும் அடக்கம் செய்கிறார்கள். இந்துக்களிலும் பல குடும்பங்களுக்குப் புதைப்பதுதான் வழக்கம். சிறு பிள்ளைகளையும் துறவிகளையும் புதைப்பார்கள். அதனால் பழைய தோட்டங்கள் பலவற்றில், லயங்களைத் தாண்டி ஓர் ஓரத்தில் இடுகாடு இருந்தது. சிலவற்றில் சிமெண்ட் கல்லறை. பலவற்றில் வெறும் மண் மேடும் ஒரு செடியும்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிலம் தோட்டக் கம்பெனியுடையது. அரசாங்கம் பொதுத் தேவைக்கு நிலத்தை ஒதுக்கி, 1965 தேசிய நிலச் சட்டத்தின் கீழ் அரசிதழில் அறிவித்த இடுகாட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, கம்பெனி நிலத்தில் இருக்கும் இடுகாட்டுக்குத் தானாக வராது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதி ஆகும்போது, 'இது எங்கள் இடுகாடு' என்று காட்டக் குடும்பங்களிடம் பத்திரம் இருக்காது. இன்று விளையாட்டரங்கமும் அடுக்குமாடிகளுமாக இருக்கும் புக்கிட் ஜாலில்கூட ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். புக்கிட் சீனாவில் நிலமும் கல்லறைகளும் சாட்சியாக இருந்தன. தோட்டத்து மண் மேட்டுக்கு மனிதர்களின் ஞாபகம் மட்டுமே சாட்சி.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில் கேளுங்க. பாட்டி, தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயர் என்ன, எந்த டிவிசன், அவர்களுடைய பெற்றோரைப் புதைத்தார்களா, எரித்தார்களா, எங்கே, எந்த ஆண்டு? பதிலைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்க. பழைய மரணச் சான்றிதழ் இருந்தால் அதில் இறந்த இடமும் தேதியும் இருக்கும்.

இடுகாடு இன்னும் இருந்தால் நேரில் போய், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி கல்லறைகளைப் படமெடுங்க. மழையிலும் வெயிலிலும் சிமெண்டில் கீறிய பெயர்கள் சீக்கிரம் அழிந்துவிடும். இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து வைப்பது ரொம்ப முக்கியம்.

பொதுத் தகவல் தேவையென்றால், கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஓர் இடம் வரலாற்று முக்கியத்துவம் உள்ளது என்று நினைத்தால், 2005 தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் அதைப் பாரம்பரியமாக முன்மொழியப் பொதுமக்களுக்கும் வழி உண்டு. அதற்கு ஆதாரம் கேட்பார்கள். நீங்கள் எடுத்த படங்களும் பாட்டி சொன்ன பதிவும் அந்த ஆதாரத்தின் முதல் பக்கமாக இருக்கலாம்.

இந்த வாரம் வீட்டுக்குப் போன் போடும்போது தோட்டத்தின் பெயரையாவது கேட்டு எழுதி வையுங்க.