என்ஜினுக்குள் ஒரு மூளை, ஒரு குரல்

ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்கள் நிற்கின்றன. ஒன்று மட்டும் நகர வேண்டும். மற்றது அசையக் கூடாது. மாதிரி ரயில் கட்டுகிறவர்களைப் பல பத்தாண்டுகள் படாதபாடு படுத்திய சிக்கல் இதுதான்.

பழைய முறை மிக எளிமையானது. இரண்டு தண்டவாளங்களே இரண்டு மின்கம்பிகள். கண்ட்ரோலரின் குமிழைத் திருகினால் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் ஏறும். சக்கரங்கள் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும், துருவத்தை மாற்றினால் வண்டி பின்னால் போகும். ஒரே ஒரு வண்டி ஓட்டுவதற்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இரண்டாவது என்ஜினைப் பாதையில் வைத்தால் அதுவும் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். குமிழ் கட்டுப்படுத்துவது தண்டவாளத்தைத்தான். அதன்மேல் நிற்கும் எல்லாவற்றுக்கும் ஒரே கதி. வண்டி நிலையத்தில் நின்றால் முகப்பு விளக்கும் அணைந்து போகும்.

பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்துத்தான் இதைச் சமாளித்தார்கள். வண்டி ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் யாராவது சுவிட்சைத் தட்ட வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1940களில் தொடங்கிய மாதிரி ரயில் மன்றம் இந்த வேலையைத் தொலைபேசி நிலையங்களின் ரிலேக்களையும் சுவிட்சுகளையும் கொண்டு செய்தது. ஆரம்பகாலக் கணினி நிரலாளர்கள் பலர் அந்த மன்றத்தின் ரயில் மேசைக்கு அடியில் கம்பி இழுத்தவர்கள். 1962இல் வெளிவந்த ‘ஸ்பேஸ்வார்’ கணினி விளையாட்டும் அந்த வட்டாரத்தில் பிறந்ததே. அவ்வளவு கெட்டிக்காரர்கள் கை வைத்தும், மூளை முழுவதும் மேசைக்கு அடியிலேயே இருந்தது. என்ஜின் வெறும் மோட்டாராகவே இருந்தது.

மூளையை என்ஜினுக்குள் ஏற்றும் முயற்சிகளும் நடந்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960களில் ஐந்து என்ஜின்களைத் தனித்தனியே ஓட்டும் ‘ஆஸ்ட்ராக்’ முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஹார்ன்பி 1979இல் ‘ஸீரோ 1’ முறையில் 16 என்ஜின்களுக்கு வழி செய்தது. ஆனால் ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் என்ஜினோடு பேசாது. வாங்கியவர் அந்த ஒரே கடையோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான்.

முடிச்சு அவிழ்ந்தது ஜெர்மனியில். கீசன் நகரைச் சேர்ந்த பெர்ன்ட் லென்ஸின் நிறுவனம் 1980களின் இறுதியில் ஒரு டிஜிட்டல் முறையை உருவாக்கியது. 1935 முதல் இயங்கிவரும் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, 1990களின் நடுவில் எல்லோருக்கும் பொதுவான தரநிலையாக வெளியிட்டது. அதுதான் டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக டிசிசி. யார் செய்த கண்ட்ரோலரும் யார் செய்த என்ஜினையும் ஓட்டலாம் என்றானது. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு வேறொன்றும் எடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எச்ஓ அளவு மாதிரிகளுக்கு, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்காக, 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓடுபவற்றுக்கு, இது சுமார் 14 முதல் 16 வோல்ட். ஆனால் அது ஒரே துருவத்தில் நிற்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னுமாகப் புரள்கிறது. அந்தப் புரளலில்தான் செய்தி இருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது 1. நூறு மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. ஒரே மின்சாரம் மோட்டாருக்குத் தீனியாகவும் கட்டளையாகவும் ஆகிறது.

ஒரு கட்டளையின் தொடக்கத்தில் குறைந்தது 14 ஒன்றுகள் வரிசையாக வரும். இனி செய்தி வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு என்ஜினின் முகவரி, என்ன செய்ய வேண்டும் என்பது, கடைசியில் சரிபார்ப்புக்கு ஓர் எண். கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் கார் நம்பரைச் சொல்லி நகர்த்தச் சொல்வார்களே, அதே ஏற்பாடுதான். எல்லோர் காதிலும் விழும், உரியவர் மட்டும் எழுந்து போவார். சக்கரத்தில் தூசு ஒட்டி நடுவில் செய்தி சிதைந்தால் சரிபார்ப்பு எண் பொருந்தாது, என்ஜின் அந்தக் கட்டளையை ஒதுக்கிவிடும். அதனால் நஷ்டமில்லை. நொடிக்கு நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருப்பதால் அடுத்தது கைகொடுக்கும்.

கட்டளையை வாங்கிப் புரிந்துகொள்வது டீகோடர் என்ற சிறு சர்க்யூட் பலகை. கட்டைவிரல் நகத்தின் அளவுக்கும் கிடைக்கிறது. புரளும் மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையர், செய்தியைப் படிக்கும் நுண்செயலி, மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் நான்கு டிரான்சிஸ்டர்கள் ஆகியவை அதன் உறுப்புகள். வேகத்தைக் குறைக்க அது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. முழு மின்னழுத்தத்தையே மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கிறது. கொடுக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும்.

விட்டு விட்டுக் கொடுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. மின்சாரம் நின்ற கணத்திலும் மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டர். பள்ளியில் எதிர் மின்னியக்கு விசை என்று படித்தோமே, அந்த மின்னழுத்தத்தை டீகோடர் அந்த இடைவெளியில் அளக்கிறது. எவ்வளவு வேகத்தில் சுழல்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. மேடு ஏறும்போது வேகம் குறைந்தால் கூடுதலாகத் தள்ளுகிறது, இறக்கத்தில் குறைத்துக்கொள்கிறது. மாதிரி என்ஜின் ஊர்ந்து ஊர்ந்து வந்து பெட்டியோடு மெல்ல இணைவதைப் பார்க்கிறவர்கள் அசந்துபோவது இந்த அளவீட்டின் பயன். ஒலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். பின்னால் ஒலி உயிர்பெறுவதும் இதனால்தான்.

பழைய என்ஜினில் டீகோடர் வைக்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் மோட்டாரின் தனிமை. பழைய மாதிரிகள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், சட்டமே ஒரு தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். அப்படியே டீகோடரைப் பொருத்தினால் நொடியில் எரிந்துவிடும். மோட்டாரின் இரு முனைகளையும் சட்டத்திலிருந்து முழுக்கப் பிரித்து, காப்புநாடா ஒட்டி, மல்டிமீட்டரில் சோதித்த பிறகே சால்டரிங் அயர்னைச் சூடேற்ற வேண்டும். கம்பிகளின் நிறம் தரநிலையில் உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. புதிய மாதிரிகளில் 8 முனை, 21 முனை சாக்கெட்டுகள் ஆலையிலேயே வந்துவிடுகின்றன. செருகினால் முடிந்தது.

இந்தச் சிறு வண்டிகளுக்குத் தூசு பெரிய எதிரி. ஒரு கணம் தொடர்பு விட்டால் நுண்செயலி அணைந்து மறுபடி தொடங்கும், ஒலி அறுந்துபோகும். இதற்கு மாற்று, டீகோடரோடு மின்தேக்கிகளைச் சேர்ப்பது. ஓரிரு வினாடிக்கான மின்சாரத்தைச் சேமித்து வைத்து அழுக்கான இடத்தைக் கடக்க உதவும். ஒலி டீகோடர் வைக்கிறவர் இதைச் செலவு என்று பார்த்து விட்டுவிடக் கூடாது.

இனி ஒலி. ஒலிப்பதிவைச் சும்மா ஓடவிட்டால் அது வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பொம்மையாகிவிடும். நீராவி என்ஜினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்கிறது. ஆகவே ஓட்டுசக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது சரியாக நான்கு முறை ‘சக்’ என்று நீராவி வெளியேறும். மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு ஆறு. டீகோடர் மோட்டாரின் சுழற்சியைக் கணக்கிட்டோ, அச்சில் வைத்த உணரியின் வழியாகவோ இந்தத் தாளத்தைச் சக்கரத்தோடு பூட்டிவைக்கிறது. மேட்டில் திணறினால் ஓசை கனக்கும், இறக்கத்தில் மெலியும். எதிர் மின்னியக்கு விசையை அளந்து கிடைத்த அதே எண்தான் இங்கேயும் பயன்படுகிறது. அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ், ஜெர்மனியின் இஎஸ்யு போன்ற நிறுவனங்கள் இந்தக் கலையை வளர்த்தெடுத்தன.

டீசல் என்ஜினின் கதை வேறு. அங்கே வண்டிக்குள் இருக்கும் எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றல்ல. டிரைவர் நாட்ச் எனும் விசைப்படியை ஏற்றினால் முதலில் எஞ்சின் உறுமும், பாரம் இழுபட்ட பிறகுதான் வண்டி நகரும். வேகம் பிடித்த பிறகு நாட்சைக் குறைத்தால் எஞ்சின் அடங்கும், வண்டி உருண்டுகொண்டே இருக்கும். நல்ல ஒலி டீகோடர் இதை அப்படியே செய்யும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்: கை தானாகவே நிதானமாகிறது, பிரேக்கை முன்கூட்டியே போடத் தோன்றுகிறது.

நம் நாட்டவருக்கு நெருக்கமான டீசல் டபிள்யூடிஎம்-2. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து 1962இல் வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான இந்த என்ஜினில் இருந்தது 16 சிலிண்டர் ஆல்கோ 251 எஞ்சின், 2600 குதிரைத்திறன். ஓய்வில் நிமிடத்துக்கு 400 சுற்று, முழு வேகத்தில் 1000. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். கணக்குப் போட்டால் ஓய்வில் நொடிக்கு ஏறக்குறைய 53 வெடிப்புகள், முழு வேகத்தில் 133. அந்த உறுமலின் அடிச்சுருதி இதுதான்.

எச்ஓ என்ஜினுக்குள் இடமிருப்பது 11 மி.மீ.க்கு 15 மி.மீ. ஸ்பீக்கருக்கு. கைபேசிக்காகச் செய்யப்பட்ட வகை அது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் ஒலிக்கவே முடியாது. பிறகு எப்படி உறுமல் கேட்கிறது? 53 ஹெர்ட்ஸ் சுருதியோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன. மேல் மடங்குகளை மட்டும் கேட்டாலும், இல்லாத அடிச்சுருதியை நம் செவியும் மூளையும் ஓரளவு ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. இது ஒலியியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. ஆனால் ஸ்பீக்கரைக் காற்றுப் புகாத சிறு கூட்டுக்குள் அடைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் முன்புறம் தள்ளும் அலையும் பின்புறம் இழுக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிஞ்சுவது வெறும் கீச்சுக் குரல். விலை உயர்ந்த டீகோடரை வாங்கி, கூட்டைச் சரியாக மூடாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கூட்டின் விளிம்பில் ஒரு கோடு பசை வைப்பது பல ஆயிரம் ரூபாய்க்குச் சமமான முன்னேற்றம்.

டீகோடருக்குள் நூற்றுக்கணக்கான அமைப்பு எண்கள் உண்டு. முதலாவது முகவரி, மூன்றாவது வேகமெடுக்கும் நிதானம், நான்காவது நிற்கும் நிதானம் என்று போகும். இவற்றைக் கணினியில் எழுத உதவும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்தமூல மென்பொருளுக்குச் சட்ட வரலாற்றிலும் இடமுண்டு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பெர்க்லி இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன், தம் கோப்புகளை வேறொருவர் உரிம நிபந்தனையை மீறிப் பயன்படுத்தினார் என்று வழக்குத் தொடுத்தார். 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, திறந்தமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இலவசமாகக் கொடுத்தாலும் உரிமை போய்விடாது என்பதை நிலைநாட்டிய முக்கியமான வழக்குகளில் இது ஒன்று. அதே திறந்த மனப்பான்மையில் 2015இல் டிசிசி++ என்ற திட்டம் வந்தது: ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டும் இருந்தால் கண்ட்ரோல் நிலையத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இறக்குமதிக் கருவியின் விலையைக் கண்டு ஒதுங்கிய நம் ஊர் இளைஞர்கள் இங்கிருந்து தொடங்கலாம். பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான பாடம் கிடைப்பது அரிது.

ஆல்கோ 251 அமெரிக்க என்ஜின்களிலும் ஓடியதால் அதன் ஒலி டீகோடர்களில் கிடைக்கிறது. டபிள்யூடிஎம்-2 மாதிரிக்கு அதையே ஏற்றலாம். ஆனால் ஹாரன் நம்முடையது அல்ல. அதற்கு ஒரே வழி நாமே பதிவுசெய்வது. சில டீகோடர்களில் சொந்த ஒலியை ஏற்ற நிறுவனங்களே மென்பொருள் தருகின்றன.

இதில் அவசரம் இருக்கிறது. நாட்டின் அகலப் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. பொன்மலையிலும் ஈரோட்டிலும் பராமரிக்கப்பட்ட ஆல்கோ என்ஜின்கள் ஓய்வுபெற்று வருகின்றன. ஓடும் வண்டியைக் கைபேசியில் பிடித்த காணொளிகள் ஏராளம் உண்டு, ஆனால் அவை டீகோடருக்கு உதவாது. தேவைப்படுவது நின்ற நிலையில் எடுத்த பதிவு: எஞ்சின் கிளம்பும் ஓசை, ஓய்வு, எட்டு நாட்ச்களில் ஒவ்வொன்றும் குறைந்தது அரை நிமிடம், ஒரு நாட்சிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதும் இறங்குவதும், ஹாரன், கம்ப்ரெஸர், பிரேக், எஞ்சின் அணையும் ஓசை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, பேச்சுக்குரல் கலக்காமல். ரயில்வே ஊழியர்களையோ ஓய்வுபெற்ற டிரைவர்களையோ அறிந்தவர்கள், முறையான அனுமதி பெற்று, என்ஜின்கள் இயங்கும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.