காற்று அடிக்கும் கமிஷன்!

இனயம் கடற்கரையில் ராத்திரி மணலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். உச்சியில் பளிச்சென்று ஜொலிக்கிற நட்சத்திரம், சில மணி நேரம் கழித்துக் கடலுக்குள் இறங்கும்போது அழுது வடியும். நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை சார். நடுவில் இருக்கிற காற்று அடிக்கிற கமிஷன் அது! வானம் ஏறுகிற உயரம் 30 டிகிரிக்குக் குறைந்தால், உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தாண்டித்தான் வெளிச்சம் நம்மிடம் வர வேண்டும்.

அப்படியானால் ஒரு நட்சத்திரம் மங்கினால், மங்கியது நட்சத்திரமா, காற்றா?

இந்த வம்பு சென்னையிலேயே நடந்திருக்கிறது. நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு 1856-ல் ஒழுங்கான கணக்குப் போட்டுக் கொடுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு. அவர் 1861-ல் நுங்கம்பாக்கம் வான ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தார். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் 'ஆர் ரெடிகுலி' என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கே 14 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது! (இனயத்தில் 19 டிகிரி. நமக்குக் கொஞ்சம் சலுகை.) அத்தனை காற்றுக்கு நடுவில் நட்சத்திரத்தின் மீது பழி போடுவதென்றால் தில் வேண்டும். வழி, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிடுவதுதான். காற்று மங்கலாக்கினால் எல்லாரையும் சேர்த்துத்தானே மங்கலாக்கும்?

ஒரு நட்சத்திரத்துக்கு இது சரி. வானத்தில் மூன்றில் ஒரு பங்கை, வருஷக்கணக்கில் படம் பிடித்தால்? அமெரிக்காவின் ஸ்லோன் சர்வே அதைத்தான் செய்தது. ராத்திரிக்கு ராத்திரி காற்று மாறும், கேமராவின் குணமும் மாறும். 2008-ல் நிகில் பத்மநாபன் குழு செய்த வேலை, பி.காம். படித்த எனக்குச் சட்டென்று புரிந்தது. பேங்க் ரீகன்சிலியேஷன்! ஒரே நட்சத்திரம் இரண்டு ராத்திரிப் படங்களில் இருந்தால், இரண்டு பதிவும் டாலி ஆக வேண்டும். ஆகவில்லையா? எந்த ராத்திரி எவ்வளவு கமிஷன் அடித்தது என்று, ஏகப்பட்ட நட்சத்திரங்களை வைத்து ஒட்டுமொத்தமாகத் தீர்த்தார்கள். மிஞ்சிய பிழை சுமார் ஒரு சதவீதம்.

ஒரு பர்சென்ட்டுக்கா இத்தனை அமர்க்களம் என்கிறீர்களா? தூரத்துச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததை வைத்துத்தான், பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998-ல் சொன்னார்கள். 2011-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்த வேகம் காலப்போக்கில் கூடியதா குறைந்ததா என்று இப்போது துருவுகிறார்கள். அங்கே ஒரு பர்சென்ட் பெரிய தொகை.

சிலியில் ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. கண்ணாடி 8.4 மீட்டர். பக்கத்திலேயே 1.2 மீட்டரில் ஒரு குட்டி டெலஸ்கோப்பும் வைத்திருக்கிறார்கள். காற்றை வேவு பார்ப்பதுதான் அதன் உத்தியோகம். மேனேஜர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஆடிட்டருக்கும் சேர் போட்ட மாதிரி!