மல்லிக்கு வெயில் வேண்டும்

ஏப்ரல் 22-ஐ ஒட்டிய ஓரிரு நாளில், திருவண்ணாமலையில் நண்பகல் நேரத்தில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.2 பாகையில் இருக்கும் ஊர் இது. வடக்கு நோக்கி வரும் சூரியன் அன்று நேர் உச்சியில் நிற்கிறது. நிழலில்லா நாள் என்று மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் வீட்டில் பூச்செடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடப்பதை. உச்சியைத் தாண்டி வடக்கே போகும் சூரியன் ஆகஸ்ட் 20 வாக்கில்தான் திரும்ப உச்சிக்கு வருகிறது. அதுவரை நான்கு மாதமும் நண்பகல் நிழல் தெற்கே விழும். மார்கழியில் நாளெல்லாம் நிழலாகக் கிடந்த வடக்குச் சுவரோரம் இப்போது வெயிலில் காயும். நிழல் இடம் என்று நம்பி அங்கே வைத்த குரோட்டன்ஸும் பெரணியும் மே மாதத்தில் கருகுவது இதனால்தான். தொட்டியை வீட்டின் தெற்குப் பக்கம் நகர்த்தினாலே பிழைத்துக்கொள்ளும்.

சூரியன் உச்சிக்கு வரும் நாளும் வெக்கை உச்சத்தைத் தொடும் நாளும் ஒன்றல்ல. நிலம் சூட்டை மெல்லச் சேர்க்கிறது. அதனால் மே 4-இல் தொடங்கும் அக்னி நட்சத்திர நாட்களில்தான் கொதிக்கிறது. எங்களுக்குக் கூடுதலாக 2,668 அடி உயரப் பாறை மலை ஒன்றும் இருக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் வெளியே விடுகிறது.

இந்த வெக்கையில் பூவாவது பூப்பதாவது என்று பங்குனியோடு தோட்டத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. இங்கே பூவின் பருவமே கோடைதான். குண்டுமல்லியின் மொட்டு புதுத் துளிரின் நுனியில் வரும்; பனிக்காலத்தில் துளிர் ஓடாது. வெயில் ஏறினால்தான் செடி துளிர்த்து, மார்ச் தொடங்கி ஜூலை வரை கொட்டிப் பூக்கும். நிழலில் வைத்த மல்லி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

பொழுது சாய்ந்ததும் மொட்டு அவிழ்கிறது. அவிழும்போதுதான் அதன் மணமும் உருவாகிறது. லினலூல், பென்சைல் அசிடேட், சிறிதளவு இண்டோல் எனப் பல சேர்மங்களின் கூட்டு அது. பறித்த பிறகும் இதழின் செல்கள் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாலையில் மொட்டாகத் தொடுத்த சரம் இரவில் வீட்டையே நிறைக்கிறது. வெள்ளை நிறமும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான். ஆனாலும் குண்டுமல்லி அரிதாகத்தான் விதை வைக்கும். பதியன் போட்டும் குச்சி நட்டும் மனிதர்கள்தான் அதைப் பெருக்கி வந்திருக்கிறார்கள். உங்கள் வாசலில் நிற்பது, யாரோ ஒரு பாட்டி வீட்டுச் செடியின் துண்டு. அந்தத் தொடர்ச்சி எனக்குப் பூவின் மணத்தைவிடப் பெரிய வியப்பு.

கோடைத் தோட்டத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது உச்சிவெயில் வாட்டம். பகல் ஒரு மணிக்குச் செம்பருத்தி இலைகள் துவண்டு தொங்கும். உடனே குடத்தைத் தூக்குவோம். இலைத் துளைகள் வழியே நீரை ஆவியாக்கித்தான் செடி தன்னைக் குளிர்விக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை; அவ்வளவு சூடு இலையை விட்டுப் போகிறது. இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது துளைகள் மூடத் தொடங்கும், இலை துவளும். துவண்ட இலை மீது விழும் வெயிலும் குறைவு. மாலையில் இலை தானாக நிமிர்ந்தால் அது தாகமே இல்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். ஊறிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். விடியற்காலையில் ஒருமுறை நிறைவாக ஊற்றுவதும், தூரைச் சுற்றிக் காய்ந்த இலையால் மூடாக்குப் போடுவதும்தான் உண்மையான உதவி. மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரைச் சுட்டுவிடும். மண் தொட்டியின் சுவரிலிருந்து நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும்.

அரளிக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் இலைத் துளைகள் அடிப்பக்கத்தில் சிறு குழிகளுக்குள், மெல்லிய மயிர்களுக்கு நடுவே மறைந்திருக்கின்றன. உலர்ந்த காற்று நேராகத் தொட முடியாது. காலை வெயில் ஏறியதும் விரியும் டேபிள் ரோஸ் இன்னொரு வழி வைத்திருக்கிறது. நீர் குறைந்தால் இரவிலும் கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கத் தொடங்கிவிடும். அதன் நெருங்கிய உறவான பருப்புக்கீரையில் பகல் முறையும் இரவு முறையும் ஒரே செல்லுக்குள் நடப்பதை 2022-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இப்படிக் காயும் நாளிலேயே நான்கு மணிக்கு மேல் வானம் கறுக்கும். வங்கக் கடலின் ஈரக்காற்று சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றோடு உயர்ந்து இடிமேகமாகிறது. அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று முதலில் புழுதியைக் கிளப்பி, தொட்டிகளை உருட்டி, அப்புறம்தான் மழையைக் கொண்டுவருகிறது. மண்வாசத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்னும் சேர்மத்துக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. மழை பெய்த சில நாளில் மழை லில்லி பூத்து நிற்கும். அந்தக் காட்சிக்காகவே ஒரு தொட்டி வைக்கலாம்.

ஒரு மழைக்குத் தோட்டம் தெளிவதற்குத் தண்ணீரின் அளவு மட்டும் காரணம் அல்ல. நம் போர்த் தண்ணீர் கடினநீர். நாள்தோறும் ஊற்ற ஊற்ற உப்பு மண்ணில் தங்கி, காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் போகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மழைநீரில் உப்பு இல்லை. படிந்ததைக் கரைத்துக் கீழே தள்ளிவிடுகிறது. மாடியில் வழியும் மழையை இரண்டு டிரம்மில் பிடித்தாலும் செடிக்கு மருந்து.

வறண்ட வாரங்களில் இலையின் அடியில் சேரும் செம்பேனைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே விரட்டலாம். மழைக்குப் பின் மல்லி மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். மண்ணில் விழவிட்டால் அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும்.

கோடைப் பூவுக்கான முக்கியமான வேலை கோடையில் இல்லை. நவம்பர் கடைசி வாரத்தில் மல்லியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். எங்கள் ஊருக்கு அது கார்த்திகை தீபத்தை ஒட்டிய காலம். தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கிளம்பியதும் கத்தரியை எடுங்கள். வெட்டிய தூருக்குத் தொழுவுரம் வையுங்கள். அன்று மனம் வராமல் விட்ட செடியில் அடுத்த சித்திரைக்குப் பூ குறைவாகத்தான் இருக்கும்.